தகவல் தொடர்பின் கூறுகள்

ஒருவர் கருதியதை மற்றொருவர் உணரச் செய்வது தகவல் தொடர்பு. அனுப்புநர், செய்தி, அதைச் சொல்லாகவோ சைகையாகவோ மாற்றும் குறியாக்கம், செல்லும் வழி, பெறுநர், அவர் பொருள்கொள்ளும் முறை, பின்னூட்டம், இரைச்சல், சூழல் ஆகியவை இதன் அடிப்படைக் கூறுகள்.

தொடக்கம்

அரிஸ்டாட்டில் பேச்சுக்கலையைப் பேசுவோர், பொருள், கேட்போர் என மூன்றாகப் பகுத்தார். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவை இடம்பெறுகின்றன. அவ்வுறுப்புகளுள், இன்ன இடத்தில் இன்னார் இன்னாருக்குச் சொல்வது இது என உணரவைப்பது முன்னம். சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் நிரப்பிக்கொள்ள வைப்பது எச்சம்.

நவீன மாதிரிகள்

1948-இல் பெல் ஆய்வகத்தின் கிளாடு ஷானன், தொலைபேசி போன்ற கருவிகளை மனத்தில் கொண்டு, தகவல் செல்லும் பாதையையும் அதில் குறுக்கிடும் இரைச்சலையும் கணிதமாக வகுத்தார். அவர் மாதிரியில் செய்தி ஒரே திசையில் செல்கிறது. 1954-இல் வில்பர் ஷ்ராம், இரு தரப்பும் மாறி மாறிச் சொல்வதையும் பொருள்கொள்வதையும் சேர்த்தார்.

நெல்லை, தென்காசி வட்டாரத்தில்

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் 1920-களில் நெல்லை வண்ணார்பேட்டையில் நடத்திய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில் பாடலைப் பாடி, கேட்பவரின் சுவைப்பையும் உடன் சேர்த்தே விளக்கினார். பின்னர் குற்றாலத்தில் குடியேறிய அவரைத் தேடி ராஜாஜியும் கல்கியும் வந்தனர். வர இயலாதோரிடம் கடிதங்கள் வழியே உரையாடல் தொடர்ந்தது. 1954-இல் அவர் குற்றாலத்திலேயே மறைந்தார்.

இரைச்சல் என்ற கூற்றைக் குற்றாலப் பேரருவியில் நேரில் காணலாம். தண்ணீர் பெருகும்போது போலீஸார் விசில் ஊதி, கையசைத்துக் குளிப்போரை வெளியேற்றுகிறார்கள். கூட்டம் கரையேறுவதே பின்னூட்டம். தண்ணீர் பெருகப் பெருக அருவியின் ஓசையும் கூடுவதால், எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் விசில் காதில் விழாமல் போகக்கூடும். 2024 மே 17 அன்று மற்றோர் அருவியான பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் 17 வயது சிறுவனின் உயிரைப் பறித்தது. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை. இந்த அடையாளம் கண்ணால் அறியப்படுவதால் ஓசை அதை மறைப்பதில்லை. ஒரே செய்தியை வெவ்வேறு வழிகளில் திரும்பச் சொல்வது இரைச்சலைச் சமாளிக்க உதவும் என்பது ஷானன் கோட்பாட்டுக்கும் உடன்பாடானது.