தங்கவயல் தொழிலாளரின் மூன்று பயணங்கள்

மன்னர்கள் படையெடுத்துச் சென்ற வழிகளை வரலாறு குறித்து வைத்திருக்கின்றது. வணிகர்கள் கடல் கடந்த வழிகளையும் குறித்து வைத்திருக்கின்றது. தொழிலாளி நாள்தோறும் இல்லம் விட்டுச் சென்று, மாலையில் மீண்ட வழியை மட்டும் அது பெரும்பாலும் எழுதாமலே விட்டுவிட்டது. அவ்வழியைப் பின்தொடர்ந்தால் ஒரு நாட்டுப்புறத்தின் நூற்றாண்டு வாழ்வே நமக்குப் புலனாகும். அதற்குக் கோலார் தங்கவயல் தக்கதொரு சான்று. தாயகத்துக்கு வெளியே குடியமர்ந்த நமக்கு அக்கதை அயலார் கதையும் அன்று.

கருநாடக மாநிலத்தின் கிழக்கு எல்லையில், ஆந்திரத்தையும் தமிழகத்தையும் ஒட்டிக் கிடப்பது கோலார் மாவட்டம். வற்றாத ஆறு அங்கு இல்லை. ஏரியையும் மழையையும் நம்பிக் கேழ்வரகு விளைவித்த நாடு அது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம் அங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்டதும் அந்நிலத்தின் தலைவிதி மாறியது. சுரங்கத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாக வந்தனர். வந்தவருள் பெரும்பாலோர் நிலமற்றவர். சாதிக் கொடுமையால் நலிந்த ஆதிதிராவிட மக்கள். வயிற்றுப்பாட்டுக்கும் மானத்துக்கும் சேர்த்தே அவர்கள் ஊரைத் துறந்தனர் எனலாம். இஃது முதற் பயணம்.

சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதை 1864-லேயே அமைந்துவிட்டது. அதில் பௌரிங்பேட்டை என அந்நாளில் வழங்கிய பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப்பாதை 1894-இல் திறக்கப்பட்டது. நிலக்கரியையும் இயந்திரங்களையும் சுரங்கத்துக்குக் கொண்டு சேர்ப்பதே அப்பாதையின் நோக்கம். அது பின்னாளில் யாருக்குப் பயன்படப் போகின்றது என்பதை இட்டவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் பயணம் குடிசையிலிருந்து குழிக்குச் சென்றது. தொழிலாளரைச் சுரங்க வாயிலுக்கு அருகிலேயே குடியமர்த்துவது நிறுவனத்தின் முறை. வரிசை வரிசையான அக்குடியிருப்புகளை ‘லைன்’ என்றே மக்கள் வழங்கினர். சங்கு ஊதினால் நடந்தே வேலைக்குப் போய்விடலாம். ஆயின் அதன்பின்னர் அன்றோ உண்மையான செலவு தொடங்கிற்று! கூண்டில் ஏறி நிலத்தினுள் இறங்கவேண்டும். சாம்பியன் ரீப் சுரங்கம் இறுதியில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் விளைந்த மின்சாரம் 1902-ஆம் ஆண்டு முதல், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து வந்து அங்குள்ள இயந்திரங்களை இயக்கிற்று. கீழே வெப்பம், நுரையீரலை அரிக்கும் கல்தூசி, எப்பொழுது பாறை வெடிக்கும் என்ற அச்சம். காலையில் இறங்கியவன் மாலையில் ஏறிவருவான் என்பது இல்லத்தாரின் வேண்டுதலேயன்றி உறுதியன்று.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை நடுவணரசின் பொறுப்பாயின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் அரசு நிறுவனம் அமைந்தது. பொன்னின் அளவு குறைந்தது. அதனை எடுக்கும் செலவோ ஏறியது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் தந்த நிலம் அது. அதன் மக்கள் கையில் எஞ்சியவை குடியிருந்த வீடும், வேலையற்ற இரு கைகளுமே. 1964-இல் தோன்றிய பெமல் தொழிற்சாலை அங்கே இருந்தபோதிலும், சுரங்கம் தாங்கிய பெருங்கூட்டத்தை அஃதொன்றே தாங்குதல் இயலுமோ?

இங்குத் தொடங்கிற்று மூன்றாம் பயணம். மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் ஆகிய நிலையங்களில் விடியுமுன்னரே மக்கள் கூடுகின்றனர். பங்காருப்பேட்டை, மாலூர், ஒயிட்பீல்டு, கிருஷ்ணராஜபுரம் வழியே வண்டி பெங்களூரை அடைகின்றது. கட்டட வேலைக்கும், தையல் ஆலைக்கும், கடைக்கும், அலுவலகத்துக்கும் ஆடவரும் பெண்டிரும் அதில் செல்கின்றனர். போக இரண்டு மணி நேரம், மீள இரண்டு மணி நேரம் என ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் வண்டியிலேயே கழிகின்றது. அந்நேரத்துக்குக் கூலி கொடுப்பார் எவருமிலர். குழந்தை துயில் எழுமுன் தந்தை புறப்படுகின்றான். அது உறங்கியபின் வருகின்றான். பொருள் ஏற்றி வர இட்ட பாதை இன்று உழைப்பை ஏற்றிச் செல்கின்றது.

“பெங்களூரிலேயே குடியேறிவிடலாகாதா?” என்று சிலர் வினவக்கூடும். நகரத்து வாடகை அவர்கள் கூலிக்கு எட்டாதது என்பது ஒரு விடை. அதனினும் ஆழ்ந்த விடை ஒன்று உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் வேரூன்றிய மண் தங்கவயல். 1907-இல் சென்னையில் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப்பின் சில காலம் அங்கிருந்தே வெளிவந்தது. பள்ளியும், படிப்பகமும், வழிபாட்டிடமும் தம் உழைப்பால் எழுப்பி, தலைநிமிர்ந்து வாழக் கற்ற இடத்தை மக்கள் எளிதில் விடுவரோ?

முதற் பயணத்தை வறுமை வகுத்தது; இரண்டாவதை நிறுவனம் வகுத்தது. மூன்றாவதையும் இல்லாமையே தூண்டிற்று எனினும், அதில் அம்மக்களின் சொந்தத் தீர்மானம் ஒன்றும் கலந்துள்ளது. வேலைக்காக ஊரைத் துறந்தவர்களின் வழித்தோன்றல்கள், ஊரைத் துறவாமல் இருப்பதற்காகவே நாள்தோறும் தொலைவு செல்கின்றனர். அவர்கள் வண்டியில் இழக்கும் நேரம் அவ்வூருக்கு அவர்கள் இறுக்கும் வரியேயாகும்.

பிழைப்பு நாடி வந்த இடத்தைத் தம் ஊராக்கிக்கொள்வது எத்துணை அரிய செயல் என்பதை நாம் அறிவோம். நம் காலனிகளில் வளரும் இளைஞர்க்குத் தமிழர் வரலாற்றைச் சொல்லுங்கால், கோபுரங்களையும் கடற்படைகளையும் மட்டும் காட்டி நிறுத்துதல் போதாது. மாரிக்குப்பத்து விடியற்கால வண்டியையும் காட்டுவோமாக.