மதுரை மேடை – 17: எழுதிய கை, பாடிய தொண்டை

சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் கண்மூடியதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆசிரியர் போனாலும் அவருடைய நாடகங்கள் ஓயவில்லை. மாரியம்மன் பொங்கலா, முளைப்பாரியா, எதுவானாலும் மதுரையைச் சுற்றியிருந்த ஊர்களில் 'வள்ளி திருமணம்' மேடையேறியது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும். அந்த மேடையைச் சுதந்திரப் போராட்டத்துக்குள் இழுத்துவந்தவர்கள் என்று பலரைச் சொல்லலாம். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர்கள் இரண்டு பேர். ஒருவர் திருமங்கலம் எஸ்.எஸ். விசுவநாத தாஸ். மற்றவர் அவருக்குப் பாட்டெழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ்.

தாஸ் 1886இல் சிவகாசியில் பிறந்தவர். வளர்ந்ததும் வாழ்ந்ததும் மதுரைக்குத் தெற்கே இருக்கும் திருமங்கலத்தில். வெள்ளைச்சாமி என்ற இயற்பெயர் கொண்ட பாஸ்கரதாஸ் அவரைவிட ஆறு வயது இளையவர். மதுரையைத் தன் ஊராக்கிக்கொண்டவர். ஒருவர் எழுதுவார், மற்றவர் மேடையில் பாடுவார். கேட்பதற்கு எளிமையான ஏற்பாடுதான். வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு அது எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்தது என்பது ஸ்பெஷல் நாடகம் நடக்கும் முறை தெரிந்தால்தான் விளங்கும்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு நிலையான கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. பபூனும் ஆர்மோனியக்காரரும் தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வந்து சேர்வார்கள். எல்லோரும் ஒன்றாகச் சந்திப்பதே அன்றைய இரவு மேடையில்தான். ஒத்திகை இல்லை. கதை எல்லோருக்கும் தெரியும். எந்த இடத்தில் எந்தப் பாட்டை எடுப்பது, எவ்வளவு நேரம் தர்க்கம் செய்வது என்பதெல்லாம் நடிகரின் சாமர்த்தியம்.

அரசாங்கத்திடம் 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் இருந்தது. ராஜதுரோகமான நாடகம் என்று தெரிந்தால் தடை செய்யலாம். ஆனால் எதைத் தடை செய்வது? சுவரொட்டியில் இருப்பது 'வள்ளி திருமணம்'. முருகன் வள்ளியைக் கைப்பிடிக்கும் கதையில் ராஜதுரோகத்துக்கு எங்கே இடம்? வள்ளி தினைப்புனம் காக்கிறாள், பறவைகளை விரட்டுகிறாள். பறவைகளில் கொக்கும் ஒன்று, கொக்கின் நிறம் வெள்ளை. மேடைக்கு வந்த பாட்டு அந்தக் கொக்கைப் பற்றியது. கொட்டகையில் உட்கார்ந்திருந்த சம்சாரிக்கு அது யார் என்று ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாஸ்கரதாஸின் கெட்டிக்காரத்தனம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. புராணக் கதையில் எங்கே ஒரு சந்து இருக்கிறது என்று பார்த்து, அதற்குள் சரியாக உட்காரும்படி அவர் பாட்டைச் செய்தார். 1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தபோது பஞ்சாபின் துயரத்தையும் அவர் பாட்டாக்க, தாஸ் அதை நம் ஊர் மேடைகளில் பாடினார். பத்திரிகை படிக்கத் தெரியாதவர்களுக்கும் அமிர்தசரஸ் இப்படித்தான் தெரிந்தது.

நாடகத்தைத் தடுக்க முடியாத போலீஸ் பாடியவரைப் பிடித்தது. தாஸ் திரும்பத் திரும்பக் கைதானார், சிறை சென்றார், வெளியே வந்து மறுபடி அதே பாட்டைப் பாடினார். கையில் வாரண்டோடு மேடைக்கு வந்த அதிகாரியிடம், முருகன் வேடத்தில் இருந்த தாஸ், 'வாரண்டு விசுவநாத தாஸுக்கா, முருகனுக்கா?' என்று கேட்டதாக நாடக உலகில் ஒரு கதை வழங்குகிறது. நடந்ததோ இல்லையோ, அவரைப் பற்றி மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அந்தக் கதையே சாட்சி. கதர் கட்டியே முருகனாக வந்தவர் அவர்.

அவர் பட்ட இன்னொரு பாட்டையும் சொல்லாமல் விடக் கூடாது. தாஸ் முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்த ஒரே காரணத்துக்காக அவரோடு ஜோடி சேர மறுத்த நடிகைகள் இருந்தார்கள். தேசம் முழுவதற்கும் சேர்த்துப் பாடியவருக்கு, தேசத்தில் கிடைத்த மரியாதை இது. வெள்ளைக்காரனை எதிர்த்ததற்காகச் சிறை, சாதிக்காக மேடையில் ஒதுக்கம். இரண்டையும் அவர் ஒரே காலத்தில் தாங்கினார். அவரைத் தியாகி என்று சொல்லும்போது இந்த இரண்டாவது கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1931இல் முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' வந்தது. அதில் டி.பி. ராஜலட்சுமி, காந்தியையும் ராட்டினத்தையும் போற்றும் ஒரு பாட்டைப் பாடினார். கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எழுதியவர் பாஸ்கரதாஸ். ஸ்பெஷல் நாடகத்தில் பழகிய அதே வித்தை திரைக்கும் போய்விட்டது. பேசும்படம் மேடையிலிருந்த கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனது. நாடகமே பிழைப்பாக இருந்த தாஸின் கடைசிக் காலம் கடனில் கழிந்தது. திருமங்கலத்து வீடும் கடனில் சிக்கியது.

கடைசியாக அவர் மேடையேறியது சென்னை ராயல் தியேட்டரில், 1940 டிசம்பர் 31 இரவு. நாடகம் அதே 'வள்ளி திருமணம்'. மயில் மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. வயது 54.

நடிகருக்கு இதைவிட என்ன சாவு வேண்டும் என்று சிலாகித்து எழுதுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. உடம்பு முடியாத வயதில், கடனை அடைக்க மேடையேற வேண்டியிருந்த ஒரு மனிதரின் சாவு அது. அதைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவு மதுரையில் இருந்த பாஸ்கரதாஸிடம்தான் போகிறது. பாட்டெழுதுகிறவருக்குப் பாடுகிறவரின் தொண்டை தெரியும். எந்த இடத்தில் குரல் மேலே போகும், எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்கும் என்பதை மனதில் வைத்துத்தான் சொல் விழும். இருபதாண்டுக்கு மேல் தன் சொல்லைச் சுமந்த குரல் போன பிறகு, பாஸ்கரதாஸ் இன்னும் 12 ஆண்டுகள் வாழ்ந்தார். சுதந்திரத்தை அவர் பார்த்தார். அதைப் பாடிப் பாடி ஜெயிலுக்குப் போன நண்பர் பார்க்கவில்லை. 1952 டிசம்பரில் பாஸ்கரதாஸும் மறைந்தார்.

திருமங்கலத்தில் தாஸுக்கு அரசின் நினைவில்லம் இருக்கிறது. பாஸ்கரதாஸுக்கு வேறு விதமான நினைவுச் சின்னம் வாய்த்தது. 1917 முதல் 1951 வரை அவர் நாட்குறிப்பு எழுதிவந்தார். அதைத் தொகுத்து வெளியிட்டவர் அவருடைய பேரன், நாடகக் கலைஞர் ச. முருகபூபதி. தமிழ் நாடக வரலாற்றுக்கு இதற்கு நிகரான நேரடிச் சாட்சியம் குறைவு. நாடக நடிகர்களின் வாழ்க்கையைத் தேடுகிறவர்கள் போலீஸ் கோப்புகளோடு நிற்காமல் இந்த நாட்குறிப்பையும் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். கோப்பில் தாஸ் ஒரு குற்றவாளி. கூட வேலை செய்த ஒருவரின் கையெழுத்தில் அந்தக் காலத்து நடிகர்கள் நாடகத் தேதிக்காக ஊர் ஊராக அலைந்த சக மனிதர்கள்.

(அடுத்த வாரம்: கிட்டப்பா)