மாலைக்கண்ணும் மதுரை மருத்துவரும்

கண்ணோய்களுக்குத் தமிழர் இட்டு வழங்கிய பெயர்களுள் இரண்டு, கவிஞர் எவரையும் ஒரு கணம் நிறுத்தி வைக்கும். பகலெல்லாம் ஓடி விளையாடிய குழந்தை பொழுது சாய்ந்ததும் நிலைப்படியில் இடறி விழும். தட்டில் இட்ட சோற்றைக் கையால் துழாவும். அந்நிலையை ‘மாலைக்கண்’ என்றனர். நோய் முற்றிக் கருவிழி புண்ணாகிக் கரைந்து, ஆறிய இடத்தில் படரும் வெண்தழும்பைப் ‘பூ’ என்றனர். ‘பிள்ளைக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்பது சிற்றூர் வழக்கு. கண்புரையையும் இச்சொல்லால் குறிப்போர் உண்டு. எனினும் குழந்தையின் கண்ணில் விழும் பூ, முதியவரின் புரையைப் போல அறுத்து நீக்கத்தக்கதன்று. ஒரே நோயின் தொடக்கத்திற்கும் முடிவிற்கும் தனித்தனியே பெயர் இருந்தது. ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்னும் செய்திதான் வீடுகளை எட்டாமல் இருந்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமியை நினைவுகூர்வோர் பெரும்பாலும் கண்புரை அறுவையைப் பற்றியே பேசுகின்றனர். தம் கையால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர் என்பதும், ஏழைகளுக்குக் கட்டணமின்றிப் பார்வை தந்தவர் என்பதும் மேடைகள்தோறும் சொல்லப்படுகின்றன. அவை உண்மையே. ஆயின் கத்தி எட்டாத ஒரு பார்வையிழப்பை அம்மருத்துவர் அடுப்பங்கரை வரை பின்தொடர்ந்து சென்ற வரலாறு போதிய அளவு பேசப்படவில்லை. அறுவைகளை எண்ணிச் சொல்லலாம். விழாமல் தடுக்கப்பட்ட பூக்களை எண்ணிக் காட்ட இயலாது. மறதிக்கு அதுவே காரணம் போலும்.

கரிசல் மண்ணும் வளைந்த விரல்களும்

பாரதி பிறந்த எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரம் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பம் ஒன்றில், 1918 அக்டோபர் 1 அன்று வேங்கடசாமி பிறந்தார். மானம் பார்த்த கரிசல் பூமி. எழுதத் தாளும் பென்சிலும் இல்லாத தொடக்கக் கல்வி. ஆற்று மணலைக் கொண்டு வந்து பரப்பி, அதில் விரலால் எழுதிப் பழகினார். அவ்விரல்களுக்குப் பின்னாளில் நேர்ந்தது பெருந்துயரம். சிறுவனாக இருந்தபோது, உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத் தீங்கினால் அடுத்தடுத்து இறந்ததைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று உறுதிகொண்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1945இல் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

முப்பது வயதில் முடக்குவாதம் தாக்கியது. 1948இல் இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பெற்றார். நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். எழுந்தபோது கைவிரல்கள் கோணி முறுக்கிக்கொண்டிருந்தன. பேனாவைப் பிடிப்பதே அரிதாயிற்று. மகப்பேறு மருத்துவம் கைநழுவியது. கண் மருத்துவத்தைத் தேர்ந்து 1951இல் மேற்பட்டம் பெற்றார். வளைந்த விரல்களுக்கேற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, நூலிழை பிசகாத கண் அறுவையைக் கற்றுக்கொண்டார். ஒரே நாளில் நூறு அறுவைகள் வரை செய்யும் வேகம் அக்கைகளுக்கு வந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை, தம்பி தங்கையரை வளர்த்து ஆளாக்குவதே இல்லறம் ஆயிற்று.

1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்றார். இன்றைய அரசு இராசாசி மருத்துவமனையே அன்றைய எர்ஸ்கின். நோயாளி தேடி வரட்டும் என்று காத்திராமல், 1960 முதல் ஊர் ஊராகக் கண் மருத்துவ முகாம்களை நடத்தினார். பார்வையற்றோர் மறுவாழ்வு மையத்தை 1966இலும், கண் மருத்துவ உதவியாளர் பயிற்சியை 1973இலும் தொடங்கினார். 1973ஆம் ஆண்டிலேயே பத்மசிறீ விருதும் வந்தது.

கத்தி எட்டாத இடம்

முகாம்களுக்குக் கைப்பிடித்து அழைத்து வரப்பட்ட முதியவர்களிடையே, தாயின் இடுப்பில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்த குழந்தைகளும் இருந்தன. வயிற்றுப்போக்கோ அம்மையோ கண்டு தேறிவரும் வேளையில், அக்குழந்தைகளின் கண் வெண்படலம் உலரத் தொடங்கும். அதன்மேல் சோப்பு நுரை போன்ற சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றும். பின்னர் கருவிழி மங்கி, மென்மையுற்று, சில நாள்களில், சில வேளை ஓரிரு நாளிலேயே, கரைந்துவிடும். உயிர்ச்சத்து ‘ஏ’ குறைபாடே இதன் மூலம். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் பொருள் இச்சத்தைக் கொண்டே உருவாகிறது. ஆகையால் குறை முதலில் அந்தியில் தெரிகிறது. மாலைக்கண் என்னும் பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பதை உடலியல் இவ்வாறு உறுதிப்படுத்துகிறது. மாலைக்கண்ணுக்கு ஆட்டீரல் ஊட்டும் பழைய கைவைத்தியமும் பொருளற்றதன்று. விலங்குகளின் உடலில் இச்சத்து சேமித்து வைக்கப்படும் இடம் ஈரலே.

கரைந்த கருவிழிக்கு அறுவை மருத்துவரிடம் விடை இல்லை. மருந்தால் தேற்றி வீட்டுக்கு அனுப்பினாலும், எந்தக் கஞ்சி அக்குழந்தையை நோயில் தள்ளியதோ அதே கஞ்சிக்குத்தான் அது திரும்பும். இந்நோய் கண்ட குழந்தைகள் பார்வையோடு உயிரையும் இழப்பது மிகுதி. மருத்துவமனையில் கண்ணைக் காப்பாற்றி ஊரில் குழந்தையைப் பறிகொடுப்பது எவ்வகை மருத்துவம்? நாள்தோறும் கத்தியால் வெற்றி கண்டுவந்த ஒருவர் இவ்வினாவை எழுப்பிக்கொண்டதில்தான் ஆய்வாளர் வேங்கடசாமி பிறக்கிறார் எனலாம்.

துணைக்கு இருவர் வந்தனர். ஒருவர், பன்னிரண்டு வயதில் பார்வையிழந்து, காமன்வெல்த் நாடுகளின் பார்வையற்றோருக்காக 1950இல் அரச கழகம் ஒன்றை நிறுவிய சர் ஜான் வில்சன். நியூயார்க்கில் 1965இல் நிகழ்ந்த சந்திப்பு வாழ்நாள் நட்பாயிற்று. மற்றொருவர் ஆக்ஸ்போர்டு உயிர்வேதியியலாளர் அந்துவனெத் பிரி அம்மையார். ஐடா மான் என்னும் கண் மருத்துவப் பேரறிஞருடன் இணைந்து 1946இல் பார்வை அறிவியலைப் பொதுமக்களுக்கு விளக்கும் நூல் எழுதியவர். அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் தூசியைப் பற்றி எச்சரித்து 1957இல் ஒரு நூலைத் தொகுத்தவர். கண் ஆய்வுக்கான புரோக்டர் பதக்கம் பெற்ற முதற்பெண்மணி. 1971இல் ஓய்வு பெற்றபின், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைகளை விடுத்து, தமிழகத்துக் கீரைப் பாத்திகளுக்கு வந்து சேர்ந்தார். பெயருக்கு ஓய்வு, உண்மையில் வேலை அப்போதுதான் தொடங்கியது.

எர்ஸ்கின் மருத்துவமனையில் 1971இல், சத்துக்குறைவால் கண் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென ஊட்ட மறுவாழ்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. குழந்தையோடு தாயும் அங்கே தங்க வேண்டும். வெளிநாட்டுப் பால்பொடி அல்ல அங்குள்ள மருந்து. ஊரில் கிடைக்கும் தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றை ஏழை வீட்டுச் செலவுக்குள் அடங்குமாறு சமைத்துக் குழந்தைக்கு ஊட்டினர். தம் குழந்தை தேறுவதைத் தாய்மார் தம் கண்ணாலேயே கண்டனர். முருங்கையும் அகத்தியும் வேலியோரத்தில் கேட்பாரற்று நிற்க, அவற்றின் நிழலிலேயே குழந்தைகள் பார்வையிழந்து வந்த கொடுமையைச் சொற்பொழிவால் மாற்ற இயலாது, ஊட்டிக் காட்டித்தான் மாற்ற இயலும் என்பது அவர்களது துணிபு. கைக்குழந்தைக்குக் கீரை ஆகாது என்று தயங்கும் தாயிடம் வேறு எந்தச் சான்று செல்லும்? இம்மையத்தின் பட்டறிவை வேங்கடசாமி, பிரி உள்ளிட்டோர் 1976இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டனர். உலகப் புகழ் பெற்ற அவ்விதழில் மதுரை அடுப்பங்கரைக்கும் ஓரிடம் கிடைத்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கீரையிலுள்ள மஞ்சள் நிறமியை உடல் உயிர்ச்சத்தாக மாற்றிக்கொள்ளும் அளவு, அக்காலத்தில் கருதப்பட்டதைவிடக் குறைவு என்பது 1990களில் இந்தோனேசியாவிலும் பிற இடங்களிலும் நடந்த ஆய்வுகளால் தெரிய வந்தது. கீரை பயனற்றது என்பதன்று இதன் பொருள். பப்பாளி, மாம்பழம், முட்டை, சிறிது எண்ணெய் ஆகியவற்றின் துணையின்றிக் கீரை மட்டும் சுமையைத் தாங்காது என்பதே. மதுரை மையத்தில் குழந்தைகள் தேறியதற்குத் தானியமும் பருப்பும் சேர்ந்த முழு உணவும் காரணமாக இருந்திருக்கும்.

வாரந்தோறும் ஒரு சொட்டு

அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற வேங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வீட்டை அடகு வைத்தார். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி முதலியோர் உடன் நின்றனர். புதுவை அரவிந்தர்பால் கொண்ட பற்றினால் அப்பெயரை இட்டார். புதுவையில் அரவிந்தரோடு உறவாடி வேதம் ஆராய்ந்த பாரதியும் அதே எட்டயபுரத்து மண்ணில் பிறந்தவர் என்பதை இம்மலரைப் புரட்டும் கவிஞர்கள் எண்ணிப் பார்ப்பர். பணம் தருவோரின் கட்டணத்தால் தர இயலாதோர்க்கும் மருத்துவம் நடக்கும் அம்மருத்துவமனையின் வளர்ச்சி யாவரும் அறிந்தது. ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

அங்கும் குழந்தைகளை அவர் மறக்கவில்லை. அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹமத்துல்லாவும் குழுவினரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சிற்றூர்களில் பெரியதோர் ஆய்வை நடத்தினர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான 15,419 குழந்தைகள். நலப் பணியாளர்கள் ஓராண்டு முழுதும் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று சில துளி மருந்தைப் புகட்டினர். பாதிப் பேருக்கு அதில் உயிர்ச்சத்து ‘ஏ’ சிறிதளவு இருந்தது, மற்றவர்க்கு இல்லை. எத்துளி எவருக்கு என்பது புகட்டியவருக்கும் தெரியாது. ஓராண்டு முடிவில் கணக்கிட்டபோது, உயிர்ச்சத்து பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. ஆய்வு 1990இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ வெளிவந்தது. கண்ணைக் காக்கும் என்று கருதிய சத்து உயிரையே காக்கிறது என்று, ஆல்பிரெட் சோமர் 1986இல் இந்தோனேசியாவிலிருந்து அறிவித்த முடிவுக்குத் தமிழகம் இவ்வாறு சான்று பகர்ந்தது.

எதிர்ச்சான்றும் உண்டு. அதே 1990இல் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார், ஆறு மாதத்திற்கொருமுறை பெரிய அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வில் இறப்பு குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை என்றனர். உத்தரப்பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடையே நடந்து 2013இல் வெளியான ஆய்வும் பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. வாரந்தோறும் சிறிதளவு கொடுப்பது உணவு ஊட்டுவதற்கு ஒப்பானது; ஆறு மாதத்திற்கொருமுறை பெரிதாகக் கொடுப்பது அத்தகையதன்று. அன்றியும், வாரம் ஒருமுறை ஒருவர் படியேறி வந்து குழந்தையைப் பார்த்துச் செல்லும் வீட்டில் நோய் முன்னதாகவே கண்ணில் படும். அந்நன்மை இரு பிரிவினருக்கும் சமமாகக் கிடைத்தது என்பதால் அதைக் கொண்டு வேறுபாட்டை விளக்க இயலாது என்று புள்ளியியலார் கூறுவர். அவர் கூற்று சரியே. ஆயினும் சிற்றூர்த் தாய்க்கு அவ்வருகை எளிய பொருளன்று.

முதியோர்க்கான புரையிலும் ஆய்வு மனம் தொடர்ந்தது. பார்வை மீண்டவர் பிழைப்பு மீண்டதா என்று அறிய, ஜவிட், சோமர் ஆகியோருடன் சேர்ந்து ஆராய்ந்தார். பார்வை மங்கியதால் வேலையிழந்த ஆண்களில் 85 விழுக்காட்டினரும் பெண்களில் 58 விழுக்காட்டினரும் அறுவைக்குப் பின் மீண்டும் அவ்வேலையைப் பெற்றனர் என்று 1980களில் எழுதினர். பெண்களின் எண்ணிக்கை ஏன் குறைந்தது என்பது இன்னோர் ஆய்வுக்குரியது. விழிக்குள் வைக்கும் செயற்கை வில்லை ஏழைக்கு எட்டாத விலையில் வெளிநாட்டிலிருந்து வந்த காலத்தில், 1992இல் ‘ஆரோலேப்’ தொடங்கப்பெற்று, அவ்விலையின் சிறு பங்கிற்கு மதுரையிலேயே வில்லை உருவாயிற்று. அப்போது வேங்கடசாமிக்கு வயது எழுபத்து மூன்று கடந்திருந்தது. கனத்த சோடாப்புட்டிக் கண்ணாடியா, விழிக்குள் வில்லையா, ஏழைக்கு எது தகும் என்னும் வழக்கையும் மதுரையிலேயே 3,400 நோயாளிகளிடம் சோதித்து, முடிவை 1998இல் வெளியிட்டனர். வில்லை பெற்றவர்களின் பார்வை வாழ்க்கைக்கு மிகுதியும் உதவியது.

பிரி அம்மையார் 1991இல் மறைந்தார். சர் ஜான் வில்சன் 1999இல் மறைந்தார். மணலில் எழுதிப் பழகி, பின்னர் பேனாவைப் பிடிக்க இயலாமற் போன அவ்விரல்களுக்குரியவர் 2006 சூலை 7 அன்று மதுரையில் காலமானார். வயது எண்பத்தேழு.