குறிஞ்சிப்பிட்டியில் ஒரு மொரிஸ் மைனர்

கற்பிட்டிப் பகுதியின் உப்புக்காற்றில் இரும்பு நிலைப்பதில்லை. ஆயினும் குறிஞ்சிப்பிட்டியில் என் நண்பரொருவரின் மொரிஸ் மைனர் இன்றும் ஓடுகிறது. சென்ற மாதம் அதற்கொரு பிரேக் சிலிண்டரை இங்கிலாந்திலிருந்து இணையவழியே தருவித்தார். கொழும்பு விலையிலும் மலிவு என்று மகிழ்ந்தார். சுங்கத் தீர்வையைக் கணக்கில் சேர்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

1948 முதல் 1971 வரை 16 இலட்சம் அளவில் உற்பத்தியான கார் இது. 1970 - 77 காலத்தில் சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கியபோது, அதன் உதிரிப்பாகங்கள் பொன்னுக்கு நிகராயின. ஓய்ந்துபோன காரிலிருந்து கழற்றியதைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேட வேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்தெடுக்க வேண்டும். வேறொரு காரின் பாகத்தை அராவிப் பொருத்திவிடும் பாஸ்மாரைப் பற்றித் தந்தையார் வியந்து சொல்வார்.

1977இல் இறக்குமதிக் கதவு திறந்தது. யப்பானியக் கார்கள் வந்து குவிந்தன, மொரிஸ்கள் ஒதுங்கின. ஆனால் 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், அதன் பாகங்களைச் செய்விக்கத் தேர்ந்தது இலங்கையைத்தான். இங்கே செய்தவை இங்கிலாந்துக்குக் கப்பலேறின.

நண்பரின் பொதியை வாங்கி, எந்நாட்டில் செய்ததென்று புரட்டிப் பார்த்தேன். பெட்டியில் அப்படி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.