தொடர்பியல் இளநிலைப் படிப்பு: அடையாறு முதல் ஊத்தங்கரை வரை

செய்தி, படம், ஒலி, விளம்பரம் ஆகியவற்றை உருவாக்கும் திறனையும், அவை மக்களிடம் எப்படிப் போய்ச் சேருகின்றன என்று ஆராயும் முறையையும் கற்றுத்தரும் கல்லூரிப் படிப்பு தொடர்பியல். தமிழ்நாட்டில் இது மூன்று ஆண்டு, ஆறு பருவப் படிப்பாக நடக்கிறது. சான்றிதழில் பி.எஸ்சி. காட்சித் தொடர்பியல் என்று இருந்தாலும் மாணவர்கள் வாயில் அது எப்போதும் 'விஸ்காம்'தான். எழுத்துப் பக்கம் சாய்ந்தவர்களுக்கு பி.ஏ. இதழியல் உண்டு. பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தவரும் பெரும்பாலான கல்லூரிகளில் சேரலாம்.

சினிமாவுக்குப் போக நினைப்பவர்கள் படிக்கும் படிப்பு என்பதே இதைப் பற்றிய பொதுவான எண்ணம். இதன் வரலாறு அதைவிடப் பழையது. இன்று இது கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைகளும் கோடம்பாக்கத்தைத் தாண்டிப் பரந்தவை.

அடையாற்றில் தொடக்கம்

உலகின் முதல் இதழியல் கல்லூரியாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது, அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் வால்டர் வில்லியம்ஸ் 1908இல் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த எண்ணம் சென்னைக்கு வந்துவிட்டது. 1920இல் அன்னி பெசன்ட் அடையாற்றில் தாம் நடத்திய தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் இதழியல் வகுப்பாக அதையே வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். செய்முறைப் பயிற்சிக்கு மாணவர்கள் போன இடம், பெசன்ட் நடத்திவந்த 'நியூ இந்தியா' நாளிதழ். வகுப்பறையும் பத்திரிகை அலுவலகமும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற முறை அங்கேயே வேர்விட்டது.

அந்த முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பி.பி. சிங் ஓர் இதழியல் துறையை ஏற்படுத்தினார்; பிரிவினைக்குப் பிறகு அது டெல்லிக்கு இடம்பெயர்ந்தது. 1947இல் சென்னைப் பல்கலைக்கழகம் இதழியலில் பட்டயப் படிப்பைத் தொடங்கியது.

பட்ட வகுப்புக்குள் இந்தப் பாடம் நுழைந்தது அண்டை மாநிலமான கர்நாடகத்தில். மைசூர் மகாராஜா கல்லூரியில் 1951இல் பி.ஏ. மாணவர்களுக்கு இதழியல் ஒரு விருப்பப் பாடமாக வந்தது. நாடிக கிருஷ்ணமூர்த்தி அதை வளர்த்தெடுத்தார். ஏற்கெனவே பட்டம் பெற்றவருக்கோ வேலையில் இருப்பவருக்கோ தரும் மேற்பயிற்சியாக இருந்தது, பள்ளி முடித்து வரும் பதினேழு வயது மாணவருக்கும் உரியதானது. 1965இல் டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு செய்தி, விளம்பரம், மக்கள் தொடர்பு ஆகியவை ஒரே குடையின் கீழ் வந்தன.

தமிழில் கற்பதற்கு இவற்றோடு இன்னும் சில வழிகள் இருந்தன. 'தினத்தந்தி' நிறுவனர் சி.பா. ஆதித்தனார் தம் செய்தியாளர்களுக்காக எழுதிய 'இதழாளர் கையேடு', எளிய தமிழில் செய்தி எழுதும் முறையைச் சொல்லிக்கொடுத்தது. மா.பா. குருசாமியின் 'இதழியல் கலை' கல்லூரி மாணவர்களிடையே பரவலாகப் படிக்கப்பட்டது. விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் 1980களிலிருந்து கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்துத் தெருவில் இறக்கிச் செய்தி சேகரிக்க வைத்தது. இதழியல் பட்டம் இல்லாமலே பலர் தமிழ்ப் பத்திரிகைகளில் நல்ல செய்தியாளர்களாக வந்ததற்கு இந்த வழிகளும் காரணம்.

விஸ்காமின் வரவு

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழு தொலைக்காட்சி வழியாகக் கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பத் தொடங்கியபோது, அவற்றைத் தயாரிக்கும் கூடங்கள் பல்கலைக்கழகங்களில் வந்தன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் உள்ள கூடங்கள் அந்த வழியில் வந்தவை. கேமராவும் எடிட்டிங் மேசையும் கல்லூரி வளாகத்துக்குள் வந்தது அப்படித்தான்.

காட்சித் தொடர்பியல் இளநிலைப் பட்டத்துக்குத் தமிழ்நாட்டில் முகவரி தந்தது சென்னை லயோலா கல்லூரி. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியதும், தனியார் அலைவரிசைகளுக்கு ஒளிப்பதிவாளர்களும் படத்தொகுப்பாளர்களும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களும் தேவைப்பட்டார்கள். சில ஆண்டுகளில் சென்னை எம்.ஓ.பி. வைஷ்ணவ மகளிர் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி எனப் பல இடங்களில் தொடர்பியல் துறைகள் வளர்ந்தன. லயோலாவில் விஸ்காம் சேர்ந்து நடிப்புக்காகப் பாதியில் விட்டவர் நடிகர் விஜய். அங்கே அதே பட்டம் பெற்றவர் விஷால். 'விக்ரம் வேதா' இயக்குநர்கள் புஷ்கரும் காயத்ரியும் அதே துறையில் படிக்கும்போது அறிமுகமானவர்கள். சினிமாப் படிப்பு என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு இந்தப் பெயர்களும் காரணம்.

அந்தக் காலத்துப் புகைப்பட வகுப்பு பொறுமையைக் கேட்டது. ஒரு ஃபிலிம் சுருளில் 36 படங்கள்தான். கேமராவிலிருந்து சுருளை எடுத்துக் கழுவும் தொட்டியில் மாட்டுவதைக் கும்மிருட்டில், விரல் தடவியே செய்ய வேண்டும். பிறகு சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் தாளை ரசாயனக் கரைசலில் அமிழ்த்தி, படம் மெல்ல எழுந்து வருவதைப் பார்க்க வேண்டும். ஒரு சுருளை வீணாக்கினால் மாணவரின் கைக்காசு போனது. அதனால் ஷட்டரை அழுத்தும் முன்பே வெளிச்சம், கோணம், தருணம் மூன்றையும் மனத்தில் கணக்கிடும் பழக்கம் வந்தது. இருட்டறை டிஜிட்டல் கேமராவுக்கு வழிவிட்டுவிட்டாலும், அந்தக் கணக்கை நல்ல ஆசிரியர்கள் இன்றும் விடாமல் கற்றுக்கொடுக்கிறார்கள்.

2002 டிசம்பரில் மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி உரிமம் தர முடிவெடுத்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 'அண்ணா எஃப்.எம்.' ஒலிக்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. வானொலிக்கு எழுதுவது தனிப் பாடமாயிற்று.

மூன்று ஆண்டில் என்ன படிக்கிறார்கள்

முதலாண்டு ஓவியம், வடிவமைப்பு, தொடர்பியல் அறிமுகம், ஊடக வரலாறு என்று போகும். இரண்டாம் ஆண்டில் புகைப்படம், விளம்பரம், திரைக்கதை, ஒலிப்பதிவு. மூன்றாம் ஆண்டில் தொலைக்காட்சித் தயாரிப்பு, ஊடகச் சட்டமும் நெறிகளும், ஒரு குறும்படம் அல்லது ஆவணப்படம். நடுவில் ஏதாவது ஒரு பத்திரிகையிலோ அலைவரிசையிலோ விளம்பர நிறுவனத்திலோ இன்டர்ன்ஷிப். வரிசை கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

செய்முறை வகுப்புகளில் மூழ்கும் மாணவர்கள் கோட்பாட்டுத் தாள்களை அலுப்பாகக் கருதுவது உண்டு. ஆனால் கருவிகள் சில ஆண்டுகளில் பழசாகிவிடுகின்றன. ஒரு செய்தியை எப்படிச் சரிபார்ப்பது, யாருடைய குரல் விடுபட்டது, அவதூறு வழக்கு எங்கே வரும் என்ற அறிவு பழசாவதில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் பெய்த மழை இதைக் காட்டியது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்து உள்மாவட்டங்கள் வழியே மெல்ல நகர்ந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. ஏரி நிரம்பி வழிந்து, பேருந்து நிலையம் அருகே நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துச் சென்றது. ஊர்க்காரர்கள் செல்போனில் எடுத்த காட்சிகள் நாடு முழுவதும் ஓடின.

காட்சி பரவ யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. அதைச் செய்தியாக்கப் பயிற்சி தேவைப்பட்டது. வானிலைத் துறையின் மழை அளவு ஒருநாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடப்படுகிறது. ஆகவே 2ஆம் தேதிக் கணக்கில் வரும் மழையின் பெரும்பகுதி முதல் தேதி பகலிலும் இரவிலும் பெய்தது. வீடியோ எந்தத் தெருவில், எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது, வேறு ஊரின் பழைய காட்சியா, எந்தச் சாலை இப்போது திறந்திருக்கிறது என்றெல்லாம் கேட்டுச் சரிபார்ப்பவரே செய்தியாளர். இந்தப் படிப்பின் முழுப் பயனும் அந்தச் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

வேலைகள்

பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் செய்தியாளர், துணை ஆசிரியர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், கிராபிக்ஸ் வடிவமைப்பாளர் ஆகியவை நேரடி வேலைகள். 2011இல் 'புதிய தலைமுறை', 2014இல் 'நியூஸ் 7 தமிழ்' எனச் செய்தி அலைவரிசைகள் பெருகியபோது இந்த வேலைகளும் பெருகின. சினிமாவுக்கு இப்பட்டம் ஒரு வாசல். ஒரே வாசல் என்று சொல்ல முடியாது. 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' மேடையில் அறிமுகமான கார்த்திக் சுப்புராஜ் பொறியியல் படித்தவர்.

அரசுப் பக்கமும் இடம் உண்டு. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் இயங்குகிறது. ஆட்சியரின் அறிவிப்புகள் பத்திரிகைகளுக்குப் போவது அதன் வழியாகத்தான். 'தமிழரசு' இதழும் அத்துறையின் வெளியீடு. மத்திய அரசின் இந்தியத் தகவல் பணியில் சில நிலைகளுக்கு இதழியல் பட்டமோ பட்டயமோ தகுதியாகக் கேட்கப்படுகிறது. கல்லூரியில் கற்பிக்க விரும்புவோருக்கு முதுகலைக்குப் பின் 'நெட்' தேர்வில் மக்கள் தொடர்பியலும் இதழியலும் ஒரு பாடம்.

எல்லைப் பகுதியில்

ஊத்தங்கரை அமைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்தது. இங்குள்ள அரசுக் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகம் சேலம் பெரியார் பல்கலைக்கழகம். அங்கே இதழியல் மக்கள் தொடர்பியல் துறை இருக்கிறது. ஊத்தங்கரை மாணவருக்கு ஒருபக்கம் சேலம், மறுபக்கம் ஓசூர் வழியாகப் பெங்களூர். இரண்டு திசையிலும் இந்தப் படிப்பு கிடைக்கிறது.

வேலைக்கு அவர் சென்னை வரை போயாக வேண்டும் என்பதில்லை. ஓசூரில் அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் போன்ற ஆலைகள் பல்லாண்டுகளாக இயங்குகின்றன. ஊத்தங்கரைக்குப் பக்கத்துப் போச்சம்பள்ளியில் ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலை வந்திருக்கிறது. பெரிய ஆலை எதற்கும் பாதுகாப்புப் பயிற்சிப் படம், உள்ளிதழ், பல மொழி அறிவிப்பு, விழா ஆவணப்பதிவு ஆகியவை தேவை. எந்திரத்தில் கை வைக்கும் முன் செய்ய வேண்டியதை இரண்டு நிமிடப் படத்தில், படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி சொல்வது எளிதான வேலை இல்லை. இப்பகுதியின் மாங்கூழ் ஆலைகளுக்கு லேபிளும் விளம்பரமும் வேண்டும். தருமபுரி அகில இந்திய வானொலி நிலையமும் தொலைவில் இல்லை.

இந்த வட்டாரத்தின் பெரிய மூலதனம் மொழி. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டிலும் சந்தையிலும் புழங்குகின்றன. மூன்றிலும் பேட்டி எடுக்கத் தெரிந்த ஒரு பட்டதாரி பெங்களூர் விளம்பர நிறுவனத்துக்கும் ஓசூர் ஆலைக்கும் தமிழ்ச் செய்தி அலைவரிசைக்கும் ஒரே நேரத்தில் பொருத்தமானவர்.

சேர்வதற்கு முன் ஒரு கல்லூரியில் பார்க்க வேண்டியவை சில. கேமராவும் எடிட்டிங் கணினியும் எத்தனை மாணவருக்கு ஒன்று, அவற்றை வெளியே எடுத்துச்செல்ல விடுவார்களா, தமிழில் எழுத எவ்வளவு பயிற்சி உண்டு, இன்டர்ன்ஷிப்பை ஏற்பாடு செய்துதருகிறார்களா. சொந்தக் கேமரா வாங்க முடியாத வீட்டிலிருந்து வருபவருக்கு முதல் இரண்டு கேள்விகளின் பதிலே மூன்று ஆண்டுகளைத் தீர்மானிக்கும். பட்டம் முடித்தவர்களுக்கு, 1945இல் மத்தியத் தொழில்நுட்பப் பயிலகத்தில் தொடங்கிய வகுப்புகளிலிருந்து வளர்ந்த தரமணி எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம், 2000இல் பெங்களூரிலிருந்து சென்னைக்கு இடம் மாறிய ஆசிய இதழியல் கல்லூரி, டெல்லி இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் ஆகியவை அடுத்த படிகளாக உள்ளன.