தபால் பையும் தரவுப் பொட்டலமும்

1908ஆம் ஆண்டு சென்னையில் ஆங்கில அரசின் அடக்குமுறை வலுத்தபோது பாரதியார் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அவ்வாண்டே 'இந்தியா' வார இதழும் இங்கிருந்து வெளிவரலாயிற்று. இது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி, எழுதலாம், அச்சிடலாம். ஆனால் வாசகர்களில் மிகப் பலர் எல்லைக்கு அப்பால் அல்லவா இருந்தனர்! ஆங்கில அரசு தன் பகுதிக்குள் இதழ் நுழைவதைத் தடுத்தது. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. அச்சகத்தைத் தொடாமலே பத்திரிகையை நிறுத்த முடிந்ததைக் கவனியுங்கள். வழி அவர்கள் கையில் இருந்தது.

நூறாண்டு கழித்து, வழி யார் கையில் என்ற கேள்வி இணையத்திலும் எழுந்தது. செல்பேசியில் நீங்கள் காணும் படமும் எழுத்தும் சிறு சிறு தரவுப் பொட்டலங்களாக வருகின்றன. தபால் உறையில் போலவே ஒவ்வொன்றிலும் அனுப்புநர், பெறுநர் முகவரி உண்டு. சேவை நிறுவனம் அதைப் பார்த்து, 'இது இலவசம், அதற்குக் கட்டணம்' என்றோ, 'இது விரைவாக, அது மெதுவாக' என்றோ பிரிக்க முடியும். அப்படிப் பிரிக்கலாகாது என்பதே இணைய நடுநிலை.

2015இல் ஃபேஸ்புக் நிறுவனம் சில தளங்களை மட்டும் கட்டணமின்றித் தரும் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்தை முன்வைத்தது. அதன் தலைவர் மார்க் சக்கர்பெர்க் இதை நூலகத்துக்கு ஒப்பிட்டார். எதிர்த்தவர்களோ 'இணையத்தைக் காப்போம்' என்றனர். இரண்டுமே உள்ளத்தைத் தொடும் சொற்கள்தாம். நூலக உவமையைச் சற்று உரசிப் பார்த்தால், எந்த நூல் உள்ளே வரலாம் என்ற நிபந்தனையை ஒரு நிறுவனமே வகுக்கும் நூலகம் அது என்பது தெரியும். ஆயினும், ஒன்றுமே இல்லாதவருக்குச் சிறிதாவது கிடைக்கட்டுமே என்ற வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) நான்கு கேள்விகள் கேட்டது. குவிந்த லட்சக்கணக்கான மடல்களில் பெரும்பாலானவை, 'ஆதரிக்கிறேன்' என்ற அச்சடித்தாற்போன்ற வாசகங்கள்! கேள்விகளுக்கு விடை எங்கே என்று கேட்டது ஆணையம். 2016 பிப்ரவரி 8இல் விதி வந்தது: உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணம் வேறுபடலாகாது, மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சவரம்பு 50 லட்சம். சில நாட்களில் அத்திட்டம் இந்தியாவில் கைவிடப்பட்டது. தடுப்பதும் தாமதப்படுத்துவதும் கூடாது என்ற பரிந்துரையை 2018இல் மத்திய அரசு ஏற்றது.

இவ்விதிகள் நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகின்றன. அரசே ஒரு தளத்தைத் தடுப்பது வேறு கணக்கு. அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் நடைபெறுகிறது. 'இந்தியா' இதழுக்கு நேர்ந்தது இந்த இரண்டாம் வகை.