கடல் வழி வந்த கித்தார்

கரையோர மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசரையும் போரையும் வணிகச் சரக்குகளையும் பற்றி விரிவாக எழுதுவர். அதே மரக்கலங்களில் வந்திறங்கிய இசைக்கருவிகளைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு சமுதாயம் பிறரிடமிருந்து பெற்றதைத் தனதாக்கிக் கொண்ட விதத்தை அறிவதற்கு இசைக்கருவியைப் போன்ற சான்று வேறொன்றில்லை எனலாம்.

அம்பாறைக் கரையோரத்திலே நிந்தவூருக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையில் அமைந்துள்ளது ஒலுவில். 2013 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அங்கே ஒரு துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது. அதன் வாயிலிலே மணல் சேர்ந்து படகுகளின் போக்குவரத்துத் தடைப்பட்டதும், அயற்கரையைக் கடல் அரித்ததும் பின்னர் நேர்ந்த துன்பங்கள். துறை கட்டியவுடன் வாணிபம் பெருகிவிடுவதில்லை என்பதற்கு அது சான்று. இசைக்கும் இவ்வுண்மை பொருந்தும். கரையிறங்கிய கருவி அன்றே அம்மண்ணின் கருவியாகிவிடுவதில்லை. அதற்குக் காலமும் உழைப்பும் வேண்டும்.

போர்த்துக்கேயர் 1505 ஆம் ஆண்டு இலங்கையில் வந்திறங்கினர். மட்டக்களப்பிலே 1628 இல் அவர்கள் எழுப்பிய கோட்டையை 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஆட்சி போயிற்று, ஆனால் பாட்டும் ஆட்டமும் போகவில்லை. மட்டக்களப்பில் வாழும் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வயலினும் கித்தாரும் இசைத்துக் 'கப்ரிஞ்ஞா' என்னும் ஆடலைத் தங்கள் திருமண வீடுகளிலே போற்றி வந்துள்ளனர். அவர்களது கிரியோல் மொழியைப் பேசுவோர் அருகிவிட்ட பின்னும் இசை நிலைத்து நின்றது. அவ்விசையின் உறவிலேதான் இலங்கையின் பைலாவும் வளர்ந்தது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய தமிழ்ப் பொப் பாடல்களால், கித்தாரின் ஒலி தமிழ் வீடுகளுக்கு வானொலி வழியாக நன்கு அறிமுகமாயிற்று.

எனினும், மெல்லிசைக்குத் துணையாகத் தட்டப்படும் கருவி என்பது ஒன்று. இராகத்தின் முழு உருவையும் தாங்கி நிற்கும் கருவி என்பது மற்றொன்று. இரண்டாவது தகுதியை ஓர் அந்நியக் கருவி பெறுவது அரிது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொணர்ந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்ப்பதும் கடினம். ஆர்மோனியத்துக்கோ அந்தப் பேறு எளிதில் வாய்க்கவில்லை. அகில இந்திய வானொலி 1940 ஆம் ஆண்டில் அதனைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. 1971 இல்தான் அத்தடை தளர்ந்தது. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்குக் குழைந்து செல்லும் கமகம் அதன் கட்டைகளிலே பிறக்காது என்பதே சொல்லப்பட்ட முதன்மையான காரணம்.

கித்தார் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கு வீணையைப் போல மெட்டுகள் உண்டு. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் உயரும். ஆகவே கமகம் அதற்கு முற்றிலும் எட்டாததன்று. குறை யாதெனின், மரப்பெட்டியை மட்டும் நம்பிய கித்தாரில் மீட்டிய நாதம் விரைந்து தேய்ந்துவிடும். அசைவு முடிவதற்குள் ஒலி ஓய்ந்துவிடும்.

1930களில் பரவத் தொடங்கிய மின்கித்தார் இக்குறையைப் பெரிதும் போக்கியது. தந்தியின் கீழே காந்தமும் கம்பிச் சுருளும் அமைக்கப்பட்டன. உருக்குத் தந்தி அதிரும்போது சுருளிலே மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதனைப் பெருக்கித் தருகிறது. அளவுக்கு மேல் பெருக்கும்போது ஒலி சிதைந்து கரகரக்கும். அக்கரகரப்பைக் குறையென்று தள்ளாமல் அழகென்று கொண்டவர்கள் றொக் இசைஞர்கள். அவர்களுள் தலைசிறந்தவர் 1942 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரிற் பிறந்த ஜிமி ஹென்றிக்ஸ். 1968 ஒக்டோபரில் வெளிவந்த 'எலக்றிக் லேடிலான்ட்' என்னும் அவரது இரட்டை இசைத்தட்டு மின்கித்தாரின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. 1970 செப்டெம்பரில், இருபத்தேழே வயதில் அவர் மறைந்தார்.

அதே 1970 ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையிற் பிறந்தவர் கித்தார் பிரசன்னா. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே கப்பற் கட்டுமானப் பொறியியல் பயின்ற இவர், கப்பல் கட்டப் போகாமல் இசையை நாடினார். திருவாரூர் பாலசுப்பிரமணியம், வயலின் மேதை ஏ. கன்னியாகுமரி ஆகியோரிடம் கர்நாடக இசை கற்றார். பின்னர் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள பேர்க்லி இசைக் கல்லூரியிலும் பயின்றார். இவருக்கு முன்னர், 1980களிலேயே மின்கித்தாரிற் கர்நாடகக் கச்சேரி செய்தவர் சுகுமார் பிரசாத். மின் மண்டலினில் உப்பலப்பு சிறீநிவாசும் சக்சபோனில் கத்ரி கோபால்நாத்தும் அவைகளை வென்றிருந்த காலம் அது.

கிருதிகளை வாசித்துப் பெயர்பெற்ற பிரசன்னா, 2006 ஆம் ஆண்டில் 'எலக்றிக் கணேஷா லான்ட்' என்னும் தனி இசைத்தட்டை வெளியிட்டார். ஹென்றிக்சுக்குச் செலுத்திய காணிக்கை அது என்பதைப் பெயரே உணர்த்தும். அங்கே பாடகர் முதன்மை பெறவில்லை; முழங்கும் மின்கித்தாரே முன் நிற்கிறது. கர்நாடகத் தாள வாத்தியங்கள் அதனோடு எதிர்நின்று உரையாடுகின்றன. மென்மையை விரும்புவோர் முதலிற் கேட்கும்போது இதனை இரைச்சல் என்றே ஒதுக்கக்கூடும். ஆனால் ஊன்றிக் கேட்போர்க்கு ஒரு விந்தை புலப்படும். கரகரக்குமளவு பெருக்கப்பட்ட ஒலி விரைவில் தேய்வதில்லை. அது நீண்டு நிற்பதனால், தந்தியை இழுத்தும் தளர்த்தியும் விரல் செய்யும் நுண்ணிய அசைவுகள் ஈறு வரையிலும் கேட்கின்றன. எது இரைச்சல் என்று பழிக்கப்பட்டதோ அதுவே கமகத்துக்கு உயிர் தரும் மூச்சாகிறது.

இதனை மறுப்போர் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. கர்நாடக இசையின் உயிர் வாய்ப்பாட்டு. சாகித்தியத்தின் சொல் மறைந்து வேகமும் முழக்கமும் மேலோங்கினால், பக்தியும் அமைதியும் எங்கே என்று அவர்கள் கேட்பர். இரண்டு மரபுகளையும் அரைகுறையாகக் கற்றவர் கையில் இத்தகைய முயற்சி வெறும் வேடிக்கையாக முடிந்துவிடும் என்பதும் உண்மையே. ஆனால் பிரசன்னாவின் இசைத்தட்டைக் கலவை என்று சொல்லிக் கடந்துவிட இயலாது. குருவிடம் ஆண்டுக்கணக்கிற் கற்ற பின்னரே அவர் எல்லை கடந்தார். எல்லை எங்கே இருக்கிறது என்று அறிந்தவனே அதனைக் கடக்க வல்லவன்.

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை பரந்துள்ள தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களுக்கு இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. அவ்வூர்களின் றபான் ஓசையும், களிகம்பின் அடிவரிசையும், வயலிலும் வீட்டிலும் பிறந்த கவிகளும் அவர்களது முதுசொம். இன்றைய இளைஞன் கையில் மின்கித்தார் இருப்பதைக் கண்டு பெரியோர் அஞ்ச வேண்டியதில்லை. அக்கையின் உரியவனுக்குத் தன் பாட்டியின் கவியில் ஒன்றேனும் தெரியாதிருப்பதே அஞ்சத்தக்கது. அக்கவிகளை நெஞ்சிலே வைத்திருக்கும் மூதாட்டியர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். கித்தாரை நாளையும் வாங்கலாம். அவர்களிடம் கற்க வேண்டியதை இன்றே கற்க வேண்டும்.